மலை உண்டு, மழை இல்லை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையையும் மழையையும் சேர்த்தே நினைத்துப் பழகியவர்கள் நாம். வால்பாறை, மூணாறு, குடகு என்று பெயரைச் சொன்னதும் நம் மனத்தில் தூறல் விழத் தொடங்கிவிடுகிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்றால் மேலே மலையில் மழை பெய்கிறது என்று தென்காசிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலை உயர்ந்தால் மழை மிகும் என்ற இந்த எண்ணம் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பேசத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம். நான்கு பக்கமும் மலைகள். அவற்றின் முடியில் பனி. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் உருக்கி அளந்தால் 100 மில்லிமீட்டர் அளவுதான் தேறும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஒரே இரவில் பெய்துவிடக்கூடிய மழை அது. தார்ப் பாலைவனத்தில் இருக்கும் ஜெய்சல்மேர்கூட லேயைவிட அதிக மழை பெறுகிறது. உலகின் மிக உயர்ந்த மலைத்தொடருக்கு உள்ளேயே பாலைவனம் இருக்கிறது என்றால் அது எப்படி?

கேட்டவுடன் நமக்குத் தெரிந்த விடை, மலை மேகத்தைத் தடுத்துவிடுகிறது என்பது. பள்ளிப் பாடத்தில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று படித்திருக்கிறோம். விடை தவறல்ல, ஆனால் அது போதாது. தடுக்கப்பட்டது எது, கடந்து வந்தது எது, கடந்து வந்த காற்றுக்கு என்ன ஆயிற்று என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்லிவிட்டால், ஒரு மலை ஈரமாக இருப்பதும் இன்னொரு மலை காய்ந்து கிடப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பது புரிந்துவிடும்.

முதலில் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பார்ப்போம். ஓரிடத்தில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்பை வகுப்பது வெப்பநிலை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் அது 17 கிராம் ஆகிறது. 10 டிகிரியில் 9 கிராம். 0 டிகிரியில் 5 கிராமுக்கும் குறைவு. மைனஸ் 20 டிகிரிக்குப் போனால் ஒரு கிராம் அளவில் நிற்கிறது. வெப்பம் குறையக் குறைய இந்த வரம்பு சரசரவென்று இறங்குவதைக் கவனியுங்கள். மழையின் கதை முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது.

காற்று மேலே ஏறும்போது அதைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது. காற்று விரிகிறது. விரிவதற்குத் தன்னிடமுள்ள ஆற்றலையே செலவழிப்பதால் குளிர்கிறது. கீழே இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: அமுக்கப்படுகிறது, சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது கைகண்ட உண்மை. உலர்ந்த காற்று ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் அதே 10 டிகிரி சூடாகும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடல் மட்டத்தில் 30 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று ஒரு மலையில் ஏறத் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டரில் 20 டிகிரிக்கு வருகிறது. அங்கே ஈரம் வரம்பை எட்டி மேகம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீராவி நீராக மாறும்போது, முன்பு கடலில் ஆவியானபோது வாங்கி வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதனால் இதற்கு மேல் காற்று மெதுவாகத்தான் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு 6 டிகிரி என்று கொள்ளலாம். 3,000 மீட்டர் உயர உச்சியைத் தொடும்போது அதன் வெப்பநிலை 8 டிகிரி. ஏறிய வழியெல்லாம் மழையைக் கொட்டியாயிற்று. இனி மறுபக்கம் இறங்க வேண்டும். இறங்கத் தொடங்கியதும் மேகம் கலைந்துவிடுகிறது. எனவே ஆயிரம் மீட்டருக்கு 10 டிகிரி என்ற முழு வேகத்தில் காற்று சூடாகிறது. மூவாயிரம் மீட்டர் இறங்கிக் கடல் மட்டத்துக்கு வரும்போது 38 டிகிரி. புறப்பட்டபோது 30, வந்து சேர்ந்தபோது 38. ஈரமோ, அந்த வெப்பத்தில் இருக்கக்கூடியதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான்.

ஆகவே மலையின் மறுபக்கத்துக்கு நேர்வது இரட்டை நட்டம். கையிலிருந்த தண்ணீர் இந்தப் பக்கமே இறங்கிவிட்டது. மிச்சத்தோடு வந்த காற்றோ சூடேறி, மழை தருவதற்குப் பதிலாக மண்ணிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கைத் தெளிவுபடுத்தியவர் ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஜூலியஸ் ஹான். ஆல்ப்ஸ் மலையின் வடக்குப் பள்ளத்தாக்குகளில் திடீரென்று வெப்பக்காற்று வீசிப் பனியை உருக்கிவிடும். இவ்வளவு சூடான காற்று சஹாரா பாலைவனத்திலிருந்துதான் வருகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். 1866-இல் ஹான், சஹாராவைத் தேடிப் போக வேண்டியதில்லை, மலையில் இறங்குவதே காற்றைச் சூடாக்கப் போதும் என்று விளக்கினார்.

இந்தக் காற்று நமக்கும் புதிதல்ல. இலங்கையில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது, மட்டக்களப்புப் பக்கம் அனலாக வீசும். அங்குள்ள மக்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனையும் அதே ஆனி, ஆடியில்தான் இந்தப் பக்கம் வறண்ட மேல்காற்று புழுதியை வாரி இறைக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வது, மலையிறங்கி வந்த காற்றைப் பற்றித்தான். மூணாற்றிலிருந்து மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கியவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். தேயிலைத் தோட்டமும் சோலையும் மறைந்து, சின்னாறு வரும்போது முள்ளும் கள்ளியுமாகிவிடுகிறது.

'சின்னாறு தாழ்வான இடம், மூணாறு உயரமான இடம்; அதனால்தான் வேறுபாடு' என்று யாராவது சொல்லலாம். நியாயமான ஐயம். அதைத் தீர்க்க மேகாலயத்துக்குப் போவோம். உலகின் மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று சிரபுஞ்சி. 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். ஆண்டு மழை 11,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கிருந்து வடக்கே, சாலை வழியில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் ஷில்லாங். உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். சிரபுஞ்சியைவிட ஷில்லாங் உயரமான ஊர். ஆனால் அங்கே பெய்வது சிரபுஞ்சி மழையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வங்கக் கடலிலிருந்து வங்கதேசச் சமவெளி வழியே வரும் காற்று காசி மலையின் தெற்கு விளிம்பில் திடீரென்று செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. அந்த விளிம்பில் நிற்கிறது சிரபுஞ்சி. ஷில்லாங் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரே மலை, ஒரே பருவம், ஏறத்தாழ ஒரே உயரம். காற்று ஏறும் இடம் ஒன்று, ஏறி முடித்த இடம் மற்றொன்று. மழையைத் தீர்மானித்தது உயரம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி இமயமலைக்கு வருவோம். தமிழ் வைணவர்கள் பலருக்கு நன்கு தெரிந்த ஒரு பாதையிலேயே போகலாம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் திருச்சாளக்கிராமம் என்று வணங்கப்படும் முக்திநாத், நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில், 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. யாத்திரை செல்பவர்கள் பொக்காராவிலிருந்து சிறு விமானத்தில் ஜோம்சோம் போவார்கள். இருபது நிமிடம் போலத்தான் பயணம். பொக்காரா பச்சைப்பசேல் என்ற ஊர். ஏரியும் நெல்வயலும் உண்டு. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கு மேல். அதன் மேற்கே அன்னபூர்ணா மலையின் தெற்குச் சரிவில் இருக்கும் லும்லேயில் 5,000 மில்லிமீட்டரையும் தாண்டும். விமானத்தை விட்டு ஜோம்சோமில் இறங்கினால் பழுப்பு நிற மலை, மண்ணால் மூடிய தட்டைக் கூரை வீடுகள், வெறும் கல் பரவிய அகலமான ஆற்றுப்படுகை. அங்கே ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. லும்லேக்கும் ஜோம்சோமுக்கும் இடையே வான்வழித் தொலைவு 55 கிலோமீட்டர் போலத்தான். அந்தத் தொலைவுக்குள் மழை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவை, 8,000 மீட்டருக்கும் உயர்ந்த அன்னபூர்ணாவும் தவளகிரியும்.

இங்கே கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். முன்பு சொன்ன எடுத்துக்காட்டில் காற்று மலையை ஏறிக் கடந்தது. இமயத்தின் பெருந்தொடரோ சராசரியாக 6,000 மீட்டர் உயரம். காற்றிலுள்ள ஈரத்தில் பாதிக்கு மேல் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எனவே ஈரம் மிகுந்த அடித்தட்டுக் காற்று மலையைக் கடப்பதே அரிது. மேல்தட்டுக் காற்று கடக்கிறது. ஆனால் அதனிடம் கொடுப்பதற்கு அதிகம் இல்லை. 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு, வளிமண்டலத்தின் ஈரமான அடிப்பகுதிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மலை தடுப்பது ஒரு காரணம் என்றால், உயரமே இரண்டாவது காரணம். மழைக்காற்று ஏறும் பக்கத்தில் மழையைக் கூட்டிய அதே உயரம், உள்ளே இருக்கும் மேட்டுநிலத்தில் மழையைக் குறைக்கிறது.

முஸ்தாங் இன்னொரு புதிரையும் வைத்திருக்கிறது. அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் இடையே மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது காளி கண்டகி ஆறு. சாளக்கிராமக் கற்கள் கிடைக்கும் கண்டகி அதுதான். மலைச் சுவரில் அப்படி ஒரு வாசல் திறந்திருக்கும்போது, அதன் வழியே மழைக்காற்று உள்ளே வரலாமே? காற்று வரத்தான் செய்கிறது. முற்பகல் கடந்ததும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடுங்காற்று எழும். ஜோம்சோம் விமானங்கள் காலை வேளையிலேயே போய்த் திரும்பிவிடுவது அதற்காகத்தான். நாள்தோறும் இவ்வளவு காற்று வந்தும் மழை ஏன் வரவில்லை?

ஜெர்மானியப் புவியியலாளர் கார்ல் ட்ரோல், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பள்ளத்தாக்குகளைப் பார்த்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டியுள்ள காற்று சரிவு வழியே மேலே எழுகிறது; முகடுகளின் மேல் மேகம் கட்டுகிறது. அப்படி இருபுறமும் எழுந்த காற்றுக்கு ஈடாகப் பள்ளத்தாக்கின் நடுவே, மேலிருந்து காற்று இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி மேகத்தைக் கலைத்துவிடும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். அதனால் முகட்டில் மேகமும் பள்ளத்தாக்கின் நடுவில் நீல வானமும் ஒரே நேரத்தில் தெரியும். சரிவின் மேற்பகுதியில் மரமும் அடியில் முட்செடியுமாக இருக்கும் பள்ளத்தாக்குகளுக்குக் காரணம் இதுவே. மலைமேல் ஈரம் குறைவு, அடிவாரத்தில் அதிகம் என்று எதிர்பார்க்கும் கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

இப்போது லடாக்குக்குத் திரும்பலாம். முஸ்தாங்குக்கு ஒரு சுவர் என்றால் லடாக்குக்குப் பல சுவர்கள். தென்மேற்கிலிருந்து போனால் சிவாலிக், பீர் பஞ்சால், இமயப் பெருந்தொடர், ஜான்ஸ்கர் தொடர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அதோடு, வங்கக் கடலிலிருந்து கங்கைச் சமவெளி வழியே வடமேற்காகப் போகும் பருவக்காற்று, வழி நெடுகப் பெய்துகொண்டே போவதால் அங்கே சேரும்போது களைத்திருக்கும்.

லடாக்குக்குக் குளிர்காலத்தில் வேறொரு வரவு உண்டு. மத்திய தரைக்கடல் பக்கத்திலிருந்து மேற்கத்திய இடையூறுகள் என்ற தாழ்வழுத்தங்கள் வருகின்றன. அவையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவைதாம். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில் சோனமார்க் வரை பைன் மரக்காடு. சோஜிலா கணவாயைக் கடந்ததும் மரம் மறைந்துவிடுகிறது. கணவாயை ஒட்டிய திராஸில் குளிர்காலத்தில் பனி ஆளுயரம் குவியும். கார்கிலில் அது குறைகிறது. லேயில் மெல்லிய விரிப்பாகிவிடுகிறது. லேக்கு வடக்கே நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டரில் மணல்மேடுகள் இருக்கின்றன. இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நடக்கின்றன. அதற்கும் வடக்கே காரகோரம் மலையில் சியாச்சின் பனியாறு. அங்கே ஒரு குளிர்காலத்தில் விழும் பனி 10 மீட்டர் அளவுக்கு வரும். மணல்மேடும் பெரும்பனியாறும் ஒரே மாவட்டத்தில் இருப்பது முரண் அல்ல. எட்டாத உயரத்தில் இருக்கும் சிகரங்கள் மேலே போகும் காற்றை மறுபடி ஏற வைத்து அதன் கடைசித் துளியையும் பிழிந்துகொள்கின்றன. இடையே இருக்கும் பள்ளத்தாக்குக்கு இறங்கும் காற்றுதான் கிடைக்கிறது.

உலகின் மற்ற வறண்ட மேட்டுநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொலிவியாவின் ஆல்டிபிளானோ பீடபூமியின் கிழக்கே அமேசான் காடு. அங்கிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவு எடுத்துக்கொள்கிறது. மேற்கே பசிபிக் கடல் அருகில்தான் இருக்கிறது. ஆனால் அதன் கரையோரம் ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. அதன் மேலுள்ள காற்று குளிர்ந்து கனத்துக் கிடப்பதால் மேலெழுவதில்லை. அதற்கும் மேலே அந்த அட்சக்கோட்டில் பெருங்காற்று ஆண்டு முழுவதும் கீழிறங்குகிறது. இப்படி எல்லாப் பக்கமும் அடைபட்ட அந்தப் பீடபூமியில்தான் 3,600 மீட்டர் உயரத்தில் ஊயூனி உப்புவெளி பரந்து கிடக்கிறது.

இன்னொன்று அண்டார்க்டிகா. தென் துருவம் 2,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பீடபூமியின் உள்பகுதியில் ஆண்டுக்கு விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டருக்கும் குறைவாக வரும் இடங்கள் உண்டு. அங்கே மலைச்சுவர்கூடத் தேவையில்லை, குளிரே போதும். மைனஸ் 50 டிகிரியில் காற்றிடம் கொடுப்பதற்கு ஈரமே இல்லை. ஆனாலும் அங்கே பனிப்படலம் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருக்கிறது, ஏனென்றால் விழுந்தது உருகுவதில்லை. ஓரிடத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதும் எவ்வளவு மழை பெய்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். லடாக்கைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு நமக்கு உதவும்.

மழையின்மை யாருக்குமே உதவாது என்று எண்ண வேண்டாம். வானியலாளர்களுக்கு அது வரம். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. பருவமழைக் காலத்தில் மேகம் அங்கே பல இரவுகளைப் பறித்துக்கொள்ளும். காவலூரை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹன்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கியை அமைத்து 2000-ஆம் ஆண்டு முதல் வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக 'சந்திரா' என்று பெயர். விண்மீன்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை நீராவி விழுங்கிவிடும் என்பதால், மேலே நீராவி குறைந்த இடம் தேவைப்பட்டது. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியே அந்தத் தொலைநோக்கியை இயக்குகிறார்கள்.

மழை இல்லாத நாட்டில் மக்கள் எப்படிப் பயிர் செய்கிறார்கள்? மழையை நம்பி அல்ல. லடாக்கில் பார்லியும் கோதுமையும் விளைவது பனி உருகிய நீரில். மலைமேல் குளிர்காலத்தில் சேர்ந்த பனி வெயிலில் உருகி ஓடையாக இறங்குகிறது. அந்த ஓடையிலிருந்து சரிவை ஒட்டி வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் இருப்பார். சுர்போன் என்று பெயர். நம் தென்மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சியின் வேலைதான் அது. பச்சை எங்கே நிற்கிறதோ அதுவரைதான் வாய்க்கால். ஒரு கை அகலம் மேலே போனால் வெறும் கல்.

இந்த முறையில் ஓர் இடைவெளி உண்டு. விதைப்புக்குச் சித்திரை, வைகாசியில் தண்ணீர் வேண்டும். உயரத்திலுள்ள பனியாறுகளோ ஆனிக்குப் பிறகுதான் நன்றாக உருகும். பயிர்க்காலம் குறுகியது, விதைப்புத் தள்ளிப்போனால் கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும். பொறியாளர் சேவாங் நோர்பெல் இதற்கு ஒரு வழி கண்டார். குளிர்காலத்தில் யாருக்கும் பயன்படாமல் ஓடும் ஓடைநீரை, ஊருக்குச் சற்று மேலே நிழலான சரிவில் திருப்பி, சிறு தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால் மெல்ல உறைய வைத்தார். தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தப் பனி முதலில் உருகும். விதைப்பு நேரத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பின்னர் சோனம் வாங்சுக், குழாய் வழியே நீரைப் பீய்ச்சிக் கூம்பு வடிவில் உறைய வைக்கும் பனி ஸ்தூபிகளை உருவாக்கினார். கூம்பாக இருப்பதால் வெயில் படும் பரப்பு குறைந்து பனி கூடுதல் நாள் தாங்குகிறது. இவை மழையை வரவழைக்கும் முயற்சிகள் அல்ல. இருக்கும் நீரை, தேவைப்படும் மாதத்துக்குத் தள்ளி வைக்கும் முயற்சிகள்.

வறண்ட மலைக்கு மழை வந்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லே பகுதியில் மேகவெடிப்பு நேர்ந்தது. மண்ணும் கல்லுமாகச் சேறு இறங்கி வந்து வீடுகளை மூடியது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். முக்திநாத் பாதையிலுள்ள காக்பேனி ஊரில் 2023 ஆகஸ்டில் திடீர் வெள்ளம் புகுந்து வீடுகளையும் பாலத்தையும் அடித்துச் சென்றது. நம் ஊர் மலைகளில் சாதாரணமாகக் கருதப்படும் மழைகூட அங்கே ஆபத்து, ஏனென்றால் அந்தச் சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்த மரமோ புல்லோ இல்லை. பாப்ளர் உத்திரத்தின் மேல் மண் பரப்பிய கூரை, பனியைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. நிலமும் வீடும் மழை இல்லை என்ற உறுதியின் மேல் அமைந்தவை. வெப்பநிலை உயர்ந்து, பனியாக விழ வேண்டியது மழையாக விழத் தொடங்கினால் நட்டம் இரண்டு பக்கமும்: கோடைக்கு வேண்டிய சேமிப்பு குறைகிறது, சேற்று வெள்ளம் கூடுகிறது.

இந்த இடத்தில் நம் பங்கையும் பேசியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லடாக்கின் மக்கள்தொகை 2.74 லட்சம். 2022-இல் அங்கே போன சுற்றுலாப் பயணிகள் 5 லட்சத்தைத் தாண்டினர். ஊரிலிருப்போரைவிட வந்து போவோர் அதிகம். அவர்களுக்காக விடுதிகள், விடுதிகளுக்காக ஆழ்துளைக் கிணறுகள். லடாக்கின் பழைய வீடுகளில் உலர் கழிப்பறைதான் வழக்கம். கழிவின் மேல் மண்ணைத் தூவி மக்கவிட்டு, பிறகு வயலுக்கு உரமாக்குவார்கள். அதற்கு ஒரு துளித் தண்ணீர் வேண்டாம். 100 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அறிவோடு கண்ட ஏற்பாடு அது. அதன் இடத்தில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைக் கேட்பவர்கள், பனி மூடிய மலையைப் பார்த்து இங்கே தண்ணீருக்கு என்ன குறை என்று நினைப்பவர்கள்தாம். கண்ணுக்குத் தெரியும் அந்தப் பனி அவ்வூரின் அடுத்த போகத்து விளைச்சல்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஒரு மலையைப் பார்த்தால் அதன் உயரத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? வழியில் எதையெதைக் கடந்து வருகிறது? இந்த இடத்துக்கு வரும்போது ஏறுகிறதா, இறங்குகிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், மழை அட்டவணையைப் புரட்டாமலேயே அங்கே எந்தப் பயிர் விளையும், எந்த மாதிரி வீடு நிற்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லடாக்குக்கோ முஸ்தாங்குக்கோ போகும் வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் போய் வாருங்கள். போகுமுன், தங்கும் விடுதியில் உலர் கழிப்பறை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தினமும் வாளி வாளியாகக் குளிக்காவிட்டால் அந்தக் குளிரில் ஒன்றும் குறைந்துவிடாது. அங்கே நாம் செலவழிக்கும் தண்ணீரை வானம் திருப்பித் தராது. யாரோ ஒருவரின் வயலுக்குப் போக வேண்டிய பங்கிலிருந்துதான் அதை எடுக்கிறோம். குறைத்து எடுப்போம்.